பிரிமணை இல்லாத கலயம்

இல்லை. போதையில் விழவில்லை. உன் அப்பா அன்று ஒரு சொட்டும் தொடவில்லை. பாறையில் இறங்குகிறவன் குடிக்கக் கூடாது. மேலே நின்று வடம் பிடிக்கிறவனும் குடிக்கக் கூடாது. இறங்கியவன் உயிரோடு ஏறி வந்த பிறகுதான் கலயத்தின் வாயைத் திறக்க வேண்டும். இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பர்மாவிலிருந்து திரும்பி முகாமில் காத்துக்கிடக்கிற நீ, ஒரே ஒரு கேள்வி எழுதியிருக்கிறாய். அதையும் மன்னிப்புக் கேட்பது போல எழுதியிருக்கிறாய். "அப்பா குடித்திருந்தாரா அம்மா?" அதற்குக் கீழே இரண்டு வரி. பெரியப்பா விடுதலையாகி வந்துவிட்டதாகக் கடிதம் போட்டிருக்கிறார், கலயம் குடிக்கக் கூப்பிட்டிருக்கிறார், சித்திரை பிறந்ததும் வருகிறேன். அந்த இரண்டு வரிக்காகத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

கலயம் உனக்குத் தெரியும். நடுக்கூடத்தில் உறியில் தொங்குகிறது. வாயில் மெழுகு. விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அதன் அடியில்தான் பாய் விரித்துப் படுத்தாய். பழைய நெய் என்று ஒருமுறை சொன்னேன். உள்ளே இருப்பது தேன்கள், தேனைப் புளிக்கவைத்த கள். உன் அப்பா பாறையிலிருந்து கடைசியாக மேலே அனுப்பிய கூடைத் தேனில் ஊறவைத்தது. நான் ஊறவைத்தேன். கொல்லப்பட்டவனின் பெண்டாட்டி ஊறவைக்க வேண்டும், மகன் ஆளாகும்வரை அவளே காவல் காக்க வேண்டும், ஆளானதும் மகன் குடிக்க வேண்டும், குடித்த வாயைத் துடைப்பதற்கு முன்னால் பழிச் சத்தியம் சொல்ல வேண்டும் என்பது இந்த வீட்டின் முறை. குடித்தவனுக்குத்தான் பழி சொந்தம். அதற்குப் பிறகு வேறு யாரும் அதில் கைவைக்க முடியாது. ஒரு சாவுக்கு ஒரு கலயம். இரண்டாவது ஊறவைப்பது இல்லை. இன்னொன்று. கலயத்தின் அடி உருண்டை. மற்ற நாளில் வைக்கோலைச் சுற்றிச் செய்த பிரிமணை போட்டு அதன்மேல் வைப்போம். சத்தியக் கலயத்துக்குப் பிரிமணை தரமாட்டார்கள். கையில் வாங்கிவிட்டால் காலியாகும்வரை கீழே வைக்க வழி இல்லை.

இதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே இதைப் படித்திருந்தேன். மதராஸில், கல்லூரியில், மழை பெய்யும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து. எங்கள் ஆங்கிலப் பேராசிரியை பனிக்கடல் ஓரத்து மக்களின் கதைகளைச் சொல்வாள். வைக்கிங்குகள். கப்பலில் போய் ஊரை எரித்து, கோயில் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு வந்து, பனிக்காலம் முழுவதும் நீளமான ஒரு கூடத்தில் உட்கார்ந்து தேன்கள் குடித்தவர்கள். அவர்களுக்கு மாட்டுக் கொம்புதான் கோப்பை. கொம்பும் கீழே நிற்காது. வீட்டுக்காரி கொம்பை ஏந்தி வருவாள். ஆண்பிள்ளை எழுந்து நின்று வாங்கி, இன்னாரைக் கொல்வேன், இன்ன ஊரைப் பிடிப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டுக் குடிப்பான். காலையில் போதை தெளிந்த பிறகும் சத்தியம் அங்கேயே நிற்கும். பல பேர் தாங்கள் என்ன சொன்னோம் என்பதைப் பெண்டாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சாகப் போனார்கள். பரீட்சையில் நான் இதை வீரம் என்று எழுதினேன். நல்ல மார்க் கிடைத்தது.

அவர்களுடைய தேன்கள்ளுக்கே ஒரு பிறப்புக் கதை உண்டு. இரண்டு தேவர் கூட்டம் வெட்டிக்கொண்டு அலுத்துப்போய், சமாதானத்துக்கு அடையாளமாக ஒரே பாத்திரத்தில் எச்சில் துப்பினார்கள். அந்த எச்சிலிலிருந்து ஒரு மனிதனைச் செய்தார்கள். பெயர் குவாசிர். எந்தக் கேள்விக்கும் அவனிடம் பதில் இருந்தது. ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு குள்ளர்கள் அவனை விருந்துக்குக் கூப்பிட்டுக் குத்திக் கொன்றார்கள். ரத்தத்தை வடித்துத் தேனோடு கலந்தார்கள். அதைக் குடித்தவனுக்குக் கவிதை வரும். சமாதானத்தைக் கொன்று வடித்த சரக்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிறகு அதே குள்ளர்கள் ஓர் அரக்கனைப் படகில் கூட்டிப்போய்க் கவிழ்த்து மூழ்கடித்தார்கள். அவன் மனைவி கரையில் நின்று அழுதாள். குள்ளர்களுக்கு அழுகைச் சத்தம் பிடிக்கவில்லை. அவள் வாசலைத் தாண்டி வரும்போது மேலேயிருந்து எந்திரக்கல்லை அவள் தலையில் போட்டார்கள். கதையில் அவளுக்குப் பெயர் இல்லை. செத்தவன் வீட்டுப் பிள்ளை வந்து குள்ளர்களை அலை ஏறும் பாறையில் கொண்டுபோய் விட்டான். கழுத்துவரை தண்ணீர் ஏறியதும், ஒரு தகப்பனின் உயிருக்கு ஈடாக அந்தத் தேன்கள்ளைக் கொடுத்துத் தப்பித்தார்கள். அவன் அதை ஒரு மலைக்குள் வைத்து, தன் மகளைக் காவலுக்குப் போட்டான். அவள் பெயர் குன்லோத்.

கடைசியில் ஓடின் வருகிறான். தேவர்களின் தலைவன், ஒற்றைக் கண்ணன். வயலில் புல்லறுத்துக்கொண்டிருந்த அடிமைகளின் அரிவாள்களைச் சாணை பிடித்துக் கொடுக்கிறான். எல்லோரும் அந்தச் சாணைக்கல் வேண்டும் என்கிறார்கள். வானத்தில் தூக்கி எறிகிறான். அதைப் பிடிக்க ஓடி, கையிலிருந்த அரிவாளோடு திரும்பி, ஒருவர் கழுத்தை ஒருவர் அறுத்துக்கொண்டு விழுகிறார்கள். அவன் ஒரு கை ஓங்கவில்லை. பிறகு மலையைத் துளைக்க ஆள் வேண்டும். துளைத்துக் கொடுத்தது யார் தெரியுமா? தேன்கள்ளை மலைக்குள் வைத்தவனின் சொந்தத் தம்பி. ஓட்டை வழியாக ஓடின் பாம்பாக நுழைந்தான். குன்லோத்தோடு படுத்தான். மூன்றே மடக்கில் அத்தனையும் குடித்தான். கழுகாகிப் பறந்து போனான். அவ்வளவுதான் கதை. அவளுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

உன் அப்பா கேட்டார். கல்யாணமான புதிதில், சுருளிப்பட்டிக்குப் போகும் மாட்டு வண்டியில், பேசுவதற்கு வேறு எதுவும் இல்லாமல் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் மதுரையில் இன்டர்மீடியட் படித்தவர். காட்டிலாகா ரேஞ்சரான என் அப்பா அந்தப் படிப்பைப் பார்த்துத்தான் என்னைக் கொடுத்தார். மலையிலிருக்கும் தேன் பாறையையும், அதற்குப் பங்கு கேட்ட இன்னொரு வீட்டையும் அவர் பார்க்கவில்லை. உன் அப்பா கதையைக் கேட்டு முடித்துவிட்டு மாட்டைத் தட்டினார்.

"அந்தக் குளுர் ஊருலயும் தேன்தான் குடியக் கெடுத்துச்சா?"

"ஆமா."

"காவலுக்கு இருந்துச்சே அந்தப் பிள்ள. அது ஒரு வாய் குடிச்சுச்சா?"

"இல்ல. அப்படி எதுவும் கதையில இல்ல."

"கைக்குள்ள வச்சுக்கிட்டு ஒரு வாய்கூடக் குடிக்கலைன்னா அப்புறம் என்னா காவலு?"

நான் சிரித்தேன். பட்டம் வாங்கிய எனக்கு அந்தக் கேள்வி வந்ததே இல்லை.

இனி பாறை. இந்த இடத்தில் நீ கண்ணை மூடிக்கொள்ளாதே. சுருளி மலையில் ஒரு செங்குத்துப் பாறை. வயிற்றுப் பக்கம் உள்வாங்கியிருக்கும். அங்கேதான் மலைத்தேனீ பெரிய பெரிய கூடாகக் கட்டும். மற்ற கூடுகளைக் கூலிக்கு ஆள் வைத்து எடுத்தாலும், வருஷத்தின் முதல் கூட்டை வீட்டு ஆண்பிள்ளைதான் இறங்கி எடுக்க வேண்டும். ஒரு வருஷம் நம் வீடு, மறு வருஷம் பங்கு கேட்ட அந்த இன்னொரு வீடு, வீரணன் வீடு. அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் குத்தகை ஏலத்தில் பெரியப்பா ஏற்றிக் கேட்டு, வீரணனின் முறையையும் தானே எடுத்துக்கொண்டார். வீரணன் வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். வரட்டும் என்றுதான் பெரியப்பா காத்திருந்தார்.

வடத்துக்கும் ஒரு விதி உண்டு. காட்டுக்கொடியை முறுக்கிச் செய்த வடத்தை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைக் கையில் பிடித்து, இறங்குகிறவன் நகர நகர விட்டும் இழுத்தும் கொடுக்க வேண்டும். பிடிப்பவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. சொத்தில் பங்குள்ளவன் கையில் வடத்தைக் கொடுக்காதே என்று வெளியே சொல்லமாட்டார்கள், ஆனால் அதுதான் அர்த்தம். அதனால் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி, உன்னை வளர்த்த உன் மாமா, மதுரையிலிருந்து வந்திருந்தான். இறங்குகிறவனின் பெண்டாட்டி போன வருஷத் தேனில் ஊறிய கள் கலயத்தைத் தலையில் சுமந்து மேலே வர வேண்டும். அதனால் நானும் இருந்தேன். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம்.

மேலே போய் மூச்சு வாங்குவதற்குள் பெரியப்பா கலயத்தை என் தலையிலிருந்து எடுத்தார். மெழுகைக் கட்டைவிரலால் குத்தினார்.

"அண்ணே, ஏறி வந்த பெறகுதான?" என்றார் உன் அப்பா.

"வீரணன் வர்றதுக்குள்ள வாக்கு விழணும்டா. அவன் வந்த பெறகு வாக்குச் சொன்னா அது ஏச்சு. வர்றதுக்கு முந்திச் சொன்னாத்தான் சத்தியம்."

அவர் எழுந்து நின்று வடம் சுற்றுகிற மரத்தைப் பார்த்துச் சொன்னார். "இந்த மரத்துல வீரணன் கை பட்டுச்சுன்னா, அந்தக் கை ஊருக்குத் திரும்பாது." பாதியைக் குடித்தார். மீதியை என் தம்பியிடம் நீட்டினார்.

"என்னா மாப்ள, காலேஜுல இதெல்லாம் ஊத்த மாட்டாகளா?"

"அங்கன காப்பியே கழனித்தண்ணி மாதிரித்தான் ஊத்துறாக."

சிரித்துக்கொண்டே கையில் வாங்கிவிட்டான். வாங்கிய பிறகுதான் அடி உருண்டை என்று பார்த்தான். கீழே வைக்க இடம் தேடினான். பெரியப்பா சிரித்தார். "பிரிமணையா தேடுற? வயித்துல வையி." இருபது வயதுப் பையன். வெறும் வயிறு. ஏறி வந்த தாகம். குடித்து முடித்து மரத்தடியில் உட்கார்ந்தவன் எழவில்லை. அந்த இடத்திலேயே எல்லாம் தலைகீழாகிவிட்டது. கடைசியில் திறக்க வேண்டியதை முதலில் திறந்தாயிற்று. சத்தியத்துக்கு அவசரம். தேன் காத்திருக்கலாம், ஆள் காத்திருக்கலாம், சத்தியம் காத்திருக்க முடியாது.

"இப்ப வடம் யாரு பிடிக்க?" என்றார் உன் அப்பா.

"ஏன், நான் செத்தா போனேன்?"

உன் அப்பா அண்ணனைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏறினால் தேனீ மூர்க்கமாகும். திரும்பிப் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் முன்னால் அண்ணனின் கையை நம்பவில்லை என்று சொன்னதாக ஆகும். என்னிடம் திரும்பி, "சோத்து மூட்டைய எறும்பு ஏறாம பாத்துக்க" என்றார். இறங்கினார். மகனே, எத்தனையோ பேர் கத்தியால் சாவதில்லை. முகதாட்சண்யத்தால் சாகிறார்கள். உன் வடத்தை வாங்குகிற கையை ஒருமுறை முகர்ந்து பார். அண்ணன் கையானாலும். மேலதிகாரி கையானாலும்.

ஒரு கூடை மேலே வந்தது. அடையிலிருந்து தேன் சொட்டிக்கொண்டிருந்தது. அதுதான் உறியில் தொங்குவது. இரண்டாவது கூடையை இறக்கியபோது வீரணன் வந்தார். தனியாக. வேகமாக ஏறி வந்ததில் மார்பு விம்மிக்கொண்டிருந்தது. அரிவாள் இடுப்பிலேயே இருந்தது. அதை அவர் உருவவே இல்லை. கடைசிவரை உருவவில்லை.

"ஏலே, இது எங்க முறை வருசம். ஏலத்துல எடுத்துட்டா மலை ஒன்னோடதா?"

சொல்லிக்கொண்டே வந்து, மூச்சு வாங்க, மரத்தில் கை வைத்தார். சாய்ந்து நிற்பதற்காக. அவருக்குச் சத்தியம் தெரியாது. எனக்குத் தெரியும். "வீரண்ணே, மரத்த விடுங்க!" என்று கத்தினேன். அவர் கையை எடுக்காமல் முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார். மரியாதையாக. ஒரு பெண் பேசினால் கேட்க வேண்டும் என்று.

"என்னத்தா?"

பெரியப்பா இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்திருந்தார். அரிவாள் அவர் காலடியில் கிடந்தது. எடுப்பதற்கு ஒரு வழிதான் இருந்தது. விட்டார். அரிவாள் மரத்தில் இறங்கியது. வீரணனின் வலது கை மணிக்கட்டோடு மரப்பட்டையில் ஒரு கணம் ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு விழுந்தது. வடம் மரத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. பட்டை உரிந்து புகை வந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. பெரிய பாம்பு சருகில் ஓடுவது போல.

இதுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. இதற்காகத்தான் எழுதுகிறேன். ஓடுகிற வடத்தைப் பிடித்தது யார் தெரியுமா? பெரியப்பா இல்லை. அவர் இரண்டாவது வெட்டுக்கு ஓங்கிக்கொண்டிருந்தார். என் தம்பி வாய் திறந்து கிடந்தான். என் கைக்கு எட்டவில்லை. வீரணன் பிடித்தார். மிச்சமிருந்த இடது கையால். இடுப்பிலிருந்த அரிவாளை அந்தக் கை தேடவில்லை, மகனே. வடத்தைத் தேடியது. உள்ளங்கைத் தோல் சுருண்டு கழன்றது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. விடவில்லை. வடம் நின்றது. நிஜமாகவே நின்றது. கீழேயிருந்து உன் அப்பாவின் குரல் "அண்ணே!" என்று கேட்டது. மேலே பிடித்திருப்பது அண்ணன் என்று நினைத்துக்கொண்டு கூப்பிட்டார். பிறகு ரத்தம் வழுக்கியது.

தேனீ எழுந்தது. பாறையின் வயிறு முழுவதும் கறுப்பாக எழுந்து வந்து எங்கள்மேல் விழுந்தது. யார் நம் வீடு, யார் அடுத்த வீடு என்று அதற்கு வித்தியாசம் இல்லை. என் முந்தானையைக் கிழித்து வீரணனின் மணிக்கட்டைக் கட்டினேன். கட்டின இடத்திலும் கொட்டியது. அவர் தானாக எழுந்து கீழே நடந்தார். அடிவாரம் போய்ச் சேரவில்லை.

மறுநாள் போலீஸ் வடத்தைப் பார்த்தபோது நுனி அரிவாளால் வெட்டுப்பட்டிருந்தது. முழு வடம் ஓடியதை நான் பார்த்தேன். வெட்டு பிறகு விழுந்தது. கோர்ட்டில் இதைச் சொன்னேன். பெரியப்பாவின் வக்கீல் கனிவானவர். தேனீ கொட்டி இமை மூடிப்போன பெண், புருஷனை அப்போதுதான் பறிகொடுத்தவள், எதைப் பார்த்திருக்க முடியும் என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். வீரணனின் உள்ளங்கைக் காயம், வடத்தைப் பிடித்து அறுத்ததால் வந்தது என்றார். தம்பியைக் கொன்றவனை ஆத்திரத்தில் வெட்டினான் என்று ஆயிற்று. தூக்கு இல்லை, ஜெயில்தான். வீரணனின் பெண்டாட்டி கோர்ட்டுக்கு வெளியே என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. என் முந்தானைத் துண்டைத் துவைத்துக் கொண்டுவந்திருந்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

அந்தப் பொய்தான் பெரியப்பாவின் கழுத்தைக் காப்பாற்றியது. இத்தனை வருஷம் ஜெயிலில் அதையே தின்று இருந்திருக்கிறார். இப்போது அது அவருக்கு ரத்தமாகவே ஆகிவிட்டது. உண்மையாகவே நம்புகிறார். வந்த அன்றைக்கே கலயத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

"பய எப்ப வர்றான்?"

"வீரண்ணன் செத்து எத்தன வருசமாச்சு மச்சான். இன்னும் என்னா?"

"கை போனது என் வாக்குக்கு. தம்பி உசுருக்கு ஈடு இன்னும் வரல. வீரணன் மகன் ராசு இருக்கான்ல."

"கை போயித்தான அவுக செத்தாக?"

"அவன் நடந்ததுனால செத்தான். உக்காந்திருந்தாப் பொழச்சிருப்பான்." அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"வடத்த விட்டது நீங்கதான்."

"இந்தா பாருத்தா. அன்னைக்கும் நீ இதத்தான் சொன்ன. ஊரு கேட்டுச்சா?"

ஊர் கேட்டது. ஊருக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது இங்கே ஒரு மரியாதை. உன்னிடமும் அந்த மரியாதையைத்தான் காட்டினார்கள். ராசு உன் வயதுதான். இலவ மரம் ஏறிக் காய் உலுக்குகிறான். போன வாரம் கம்பம் சந்தையில் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. இளவயதிலேயே நரைத்துவிட்டவன் போல.

"ஆத்தா, தம்பி எப்ப வருது?"

"சித்திரையில."

"அதுக்குள்ள காயி முடியாதே." கொஞ்சம் யோசித்தான். "மரத்து மேல இருக்கயில வேணாம்னு சொல்லுங்க ஆத்தா. கீழ பொம்பளைக காய் பொறுக்கிக்கிட்டிருப்பாக. அவுக மேல விழுந்துருவேன்."

அவ்வளவுதான் கேட்டான். அவன் அப்பா கையை விரித்து வடத்தைப் பிடித்த மாதிரியே கேட்டான். நான் கத்தரிக்காய் வாங்க வந்தவள். வாங்காமல் வந்துவிட்டேன்.

யுத்தத்தில் நீ யாரைச் சுட்டாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கமாட்டேன். எங்கேயோ ஒரு கூடத்தில் யாரோ கோப்பையைத் தூக்கிச் சத்தியம் செய்தார்கள், நீ காட்டில் கிடந்தாய். அந்தச் சத்தியங்களுக்கு நீ செலுத்த வேண்டியதைச் செலுத்திவிட்டாய். இனி யாராவது உன்னிடம் ஒரு பாத்திரத்தை நீட்டினால் முதலில் அதன் அடியைப் பார். கீழே வைக்க முடியாத எதையும் கையில் வாங்காதே. வீரக் கதையை ரசித்துப் படி, நானும் படித்தேன். ஆனால் படித்து முடித்ததும், கொம்பை ஏந்தி வந்தவள் எங்கே நின்றாள், எந்திரக்கல் விழுந்தவளின் பெயர் என்ன என்று கேள். மதுரையிலிருந்து பஸ்தான். தண்டவாளத்தை யுத்தத்துக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டினால் மலை தெரியும். பெரியப்பாவை நினைக்காதே. அந்த இடது கையை நினை. ஊருக்குள் வந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே ராசு வீட்டுக்குப் போ. வெறுங்கையோடு போ. அவன் உன் கைகளைத்தான் முதலில் பார்ப்பான்.

இதுவரை காலையில் எழுதியது. படித்துப் பார்த்தேன். போதாது. ஒரு கடிதம் உன்னைத் தடுக்கும் என்று நான் நம்பினேன் என்றால் நான் எதையும் படிக்காதவள். நீ வருவாய். பெரியப்பா கலயத்தை உன் கையில் வைப்பார். நாலு பேர் பார்ப்பார்கள். உன் அப்பாவுக்கு இருந்த அதே முகதாட்சண்யம் உனக்கும் இருக்கிறது. மாட்டு வண்டியில் உன் அப்பா கேட்ட கேள்வி மத்தியானம் முழுவதும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியப்பா வாசலில் அரிவாளைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும் என்று உறியிலிருந்து கலயத்தை இறக்கினேன். வாசலுக்குக் கொண்டுவந்தேன். குழவிக்கல்லால் மெழுகை உடைத்தேன்.

"ஏ ஆத்தா! என்னா பண்ற?"

குடித்தேன். இனிப்பு துளியும் இல்லை. மெழுகும் புகையும். நெஞ்சை அரிவாளால் வகிர்ந்த மாதிரி இறங்கியது. மூன்று மடக்கு. இத்தனை வருஷத்தில் வற்றி, அவ்வளவுதான் மிச்சம் இருந்தது. வாயைத் துடைக்கவில்லை.

"பொம்பள குடிச்சா செல்லாது!" அரிவாளோடு எழுந்துவிட்டார்.

"ஊறவச்சது பொம்பள. காத்தது பொம்பள. குடிச்சா மட்டும் செல்லாதா? கலயம் காலி மச்சான். ஒரு சாவுக்கு ஒன்னுதான்." வாசலில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னேன். "வடத்த விட்டவுக உசுரு இனிமே என் பழி. எடுக்கிறதும் விடுறதும் என் இஷ்டம். நான் முடிவு சொல்ற வரைக்கும் இந்த வீட்டுல யாரும் யாரு மேலயும் கைவைக்கக் கூடாது."

அரிவாள் மேலே நின்றது. என் கழுத்துக்கு ஒரு முழ தூரம். வாயில் ஈரம் காய்வதற்கு முன் சத்தியக்காரனைத் தொட்டால் தொட்டவன் வம்சம் அற்றுப்போகும் என்று நம்புகிறவர் அவர். அந்த நம்பிக்கைக்காகத் தம்பியை விட்டவர். பக்கத்து வீட்டுக்காரர் மெதுவாக, "கலயம் காலிதான் மூத்தவரே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இந்த ஊர் முதல்முறையாகத் தெரிந்ததைச் சொன்னது.

அரிவாள் இறங்கியது. கையோடு சேர்ந்து அவரும் உட்கார்ந்தார்.

"ராத்திரிக்கு என்னா கொழம்பு வைக்கட்டும் மச்சான்?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தார். ஜெயிலிலிருந்து வந்த நாள்முதல் என் கையால்தான் சாப்பிடுகிறார். இனியும் அப்படித்தான்.

கால் தள்ளாடியது. சுவரைப் பிடித்து உள்ளே போனேன். கலயத்தை இரண்டு தண்ணீர் விட்டுக் கழுவினேன். பிரிமணை போட்டு அதன்மேல் வைத்தேன். நின்றது. உலை வைத்தேன்.